இஃப்கான்ஃபிக் காட்டாத முகவரி

லினக்ஸ் கணினி ஒன்று பக்கத்தில் இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். அதன் நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயர் ஈத்0, முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகி உரிமையோடு டெர்மினலில் ‘ஐபி அட்ரெஸ் ஆட் 192.168.1.50/24 டெவ் ஈத்0’ என்று அடியுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. கர்சர் அடுத்த வரிக்கு வந்து நிற்கும். இனி அந்த இன்டர்ஃபேஸுக்கு இரண்டு முகவரிகள். பக்கத்துக் கணினியிலிருந்து இரண்டாவது முகவரிக்குப் பிங் அனுப்பினால் பதில் வரும். இப்போது பழைய பழக்கப்படி ‘இஃப்கான்ஃபிக்’ என்று அடித்துப் பாருங்கள். 192.168.1.20 மட்டுமே தெரியும். பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் 192.168.1.50 அந்தத் திரையில் எங்கும் இருக்காது.

சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு இது வெறும் சோதனை அல்ல. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று உடனே அதன் முகவரியை ஏற்றுக்கொள்ளும்படி அமைக்க ‘கீப்அலைவ்டி’ என்ற மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு சர்வர்களுக்கிடையே கைமாறும் அந்தப் பொது முகவரியை அது மேலே சொன்ன முறையில்தான் இன்டர்ஃபேஸில் சேர்க்கிறது. நள்ளிரவில் அழைப்பு வந்து எழுந்து, தூக்கக் கலக்கத்தில் இஃப்கான்ஃபிக் அடித்துப் பார்க்கும் நிர்வாகிக்கு அந்த முகவரி இரண்டு சர்வரிலும் இல்லாதது போலத் தெரியும். காணோமே என்று கையால் அதைத் தவறான சர்வரில் சேர்த்துவிட்டால், ஒரே முகவரிக்கு இரண்டு கணினிகள் பதில் சொல்லத் தொடங்கும். அதுவரை எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

பழைய நெட்வொர்க் கட்டளைகளிலிருந்து புதியவற்றுக்கு மாறச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இஃப்கான்ஃபிக்குக்குப் பதில் ஐபி அட்ரெஸ், ரூட்டுக்குப் பதில் ஐபி ரூட், ஆர்ப்புக்குப் பதில் ஐபி நெய்பர், நெட்ஸ்டாட்டுக்குப் பதில் எஸ்எஸ். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் படிப்பவருக்கு ஒரே வேலைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றும்; எதற்கு இந்த வீண் சிரமம் என்று பழையதற்கே திரும்பிவிடுவார். உண்மையில் மாறியிருப்பது, இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கேள்வி கேட்கும் வழி. அது புரிந்தால் பட்டியலை மனப்பாடம் செய்யவே தேவையிருக்காது.

இஃப்கான்ஃபிக், ரூட், நெட்ஸ்டாட் மூன்றும் 1983-இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு தந்த நிதியில் உருவான பதிப்பு அது. அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான் அர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது. இன்று உலகமே பயன்படுத்தும் சாக்கெட் என்ற நிரல் இடைமுகமும் 4.2பிஎஸ்டி தந்த கொடைதான். அந்தக் காலத்துக் கணினிக்குப் பெரும்பாலும் ஒரு நெட்வொர்க் அட்டை, அதற்கு ஒரு முகவரி. அந்த உலகத்துக்கு இஃப்கான்ஃபிக் கச்சிதமாகப் பொருந்தியது. லினக்ஸ் வந்தபோது இதே கட்டளைகளை லினக்ஸுக்காக எழுதி ‘நெட்-டூல்ஸ்’ என்ற தொகுப்பாக்கினார்கள். அதைத் தொடங்கிவைத்தவர் ஃபிரெட் வான் கெம்பென்.

இனி இஃப்கான்ஃபிக் கர்னலிடம் எப்படிப் பேசுகிறது என்று பார்க்கலாம். இஃப்கான்ஃபிக் பயன்படுத்துவது ‘ஐஓசிடிஎல்’ என்ற சிஸ்டம் கால். கேட்க வேண்டிய இன்டர்ஃபேஸின் பெயரை நினைவகத்தில் ஒரு சிறு கட்டமைப்பில் எழுதிக் கர்னலிடம் நீட்டும். கர்னல் அதே கட்டமைப்பில் பதிலை நிரப்பித் தரும். அரசு அலுவலகத்தில் வாங்கும் அச்சடித்த படிவம் போன்றது இது. கட்டத்துக்கு ஒரு பைட் வீதம், பெயருக்கு 16 கட்டங்கள், முகவரிக்கு 16 கட்டங்கள் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். முகவரிக்கு ஓர் இடம்தான் என்பதால் ஒரு பெயருக்கு ஒரு முகவரிதான் அதில் எழுத முடியும். இரண்டாவது முகவரியை எழுத இடம் கிடையாது.

இந்தத் தடையைத் தாண்டக் கண்டுபிடித்த உபாயம்தான் ஈத்0:0, ஈத்0:1 என்ற புனைபெயர்கள். ஒரே அட்டைக்குப் பல பெயர் வைத்து, பெயருக்கு ஒரு படிவமாக நிரப்பினார்கள். அப்படிப் புனைபெயரோடு சேர்த்த முகவரி இஃப்கான்ஃபிக்குக்குத் தெரியும். புனைபெயர் இல்லாமல் சேர்த்தால் தெரியாது. கட்டுரையின் தொடக்கத்தில் நாம் சேர்த்த முகவரி மறைந்துபோனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஐபிவி6 வந்தபோது நெருக்கடி முற்றியது. முகவரியே 16 பைட். போர்ட் எண் முதலிய துணை விவரங்களையும் சேர்த்து சாக்கெட் கட்டமைப்பில் வைத்தால் 28 பைட். 16 கட்டத்தில் அது எப்படி அடங்கும்? லினக்ஸில் இஃப்கான்ஃபிக் ஐபிவி6 முகவரிகளைக் காட்டுகிறதே என்று கேட்கலாம். காட்டுகிறது, ஆனால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, கர்னல் ‘ப்ராக்’ கோப்பகத்தில் வெளியிடும் ஓர் உரைக் கோப்பைப் படித்துக் காட்டுகிறது. பெரிய கணிப்பு மையங்களில் உள்ள இன்ஃபினிபேண்ட் அட்டைகளின் வன்பொருள் முகவரி 20 பைட் நீளம். இஃப்கான்ஃபிக்கின் கையேட்டுப் பக்கமே முதல் 8 பைட்டுகள் மட்டும்தான் சரியாகத் தெரியும் என்று எச்சரித்து, முழு முகவரி வேண்டுமானால் ஐபி கட்டளையிடம் போகச் சொல்கிறது. ஒரு கருவி தன் எல்லையை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். அதைப் படிக்காமல் பயன்படுத்துவதுதான் பிரச்சினை.

1999 ஜனவரியில் லினக்ஸ் 2.2 வந்தது. அதன் ரூட்டிங் பகுதியை அலெக்ஸி குஸ்னெட்சோவ் என்ற ரஷ்ய நிரலாளர் புதிதாக எழுதியிருந்தார். கூடவே, அந்தப் புதிய பகுதியின் திறன்களை எட்டுவதற்காக ‘ஐபிரூட்2’ என்ற தொகுப்பையும் எழுதினார்; ஐபி கட்டளை அதில் இருப்பதுதான். பின்னாளில் ஸ்டீஃபன் ஹெம்மிங்கர் அதன் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார்.

இந்தத் தொகுப்பு கர்னலோடு பேசுவது நெட்லிங்க் வழியாக. நெட்லிங்க் என்பது ஒரு சாக்கெட். அதன் ஒரு முனையில் நம் நிரல், மறுமுனையில் கர்னல். இரண்டுக்கும் இடையே செய்திகள் போய்வரும். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் 16 பைட் தலைப்பு: செய்தியின் நீளம், வகை, வரிசை எண் போன்றவை அதில் இருக்கும். அதற்குப் பின்னால் பண்புகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பண்பும் தன் நீளத்தையும் தன் வகையையும் தானே சொல்லிக்கொண்டு வரும். ‘நான் ஒரு முகவரி, 16 பைட்’, ‘நான் ஒரு பெயர், 5 பைட்’ என்கிற மாதிரி. வாங்கிப் படிக்கும் நிரலுக்கு ஒரு பண்பு புரியவில்லை என்றால், அதன் நீளத்தைப் பார்த்துத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடலாம். இதனால்தான் கர்னலில் ஒரு புதிய வசதி வந்து புதிய பண்பு ஒன்று சேர்ந்தாலும் பத்தாண்டுக்கு முந்தைய நிரல் உடைவதில்லை. முகவரிகளைக் கேட்டால் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

நெட்லிங்க் தரும் இன்னொரு வசதியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பேன். அங்கே கர்னல் நாம் கேட்காமலும் பேசும். ஒரு டெர்மினலில் ‘ஐபி மானிட்டர்’ என்று அடித்துவிட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அந்தக் கணமே இன்டர்ஃபேஸ் இணைப்பை இழந்தது என்று ஒரு வரி விழும். அதைத் தொடர்ந்து ரூட்டுகள் நீங்குவது போன்ற வரிகளும் வரலாம். திரும்பச் செருகினால் இணைப்பு வந்ததும், அண்டைக் கணினியின் வன்பொருள் முகவரி தெரிந்ததும் வரி வரியாக ஓடும். லினக்ஸ் லேப்டாப்பில் கேபிளைக் கழற்றியவுடன் மேல் மூலையில் உள்ள சின்னம் மாறுகிறதே, நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் அதை அறிந்துகொள்வதும் இதே செய்திகளைக் கேட்டுத்தான். படிவ முறையில் இதற்கு வழியில்லை. மறுபடி மறுபடி போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முகவரியை மாற்றும்போதும் வேறுபாடு உண்டு. இஃப்கான்ஃபிக் முதலில் முகவரியை ஒரு படிவத்தில் கொடுக்கும், பிறகு நெட்மாஸ்க்கை இன்னொரு படிவத்தில் கொடுக்கும். நெட்மாஸ்க் சொல்லாமல் 10.0.0.5 என்று மட்டும் கொடுத்தால், 1993-க்கு முந்தைய வகுப்பு முறைப்படி 255.0.0.0 என்று அதுவாக நிரம்பிவிடும். பத்தில் தொடங்கும் 1.6 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் பக்கத்திலேயே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். ஐபி கட்டளையில் முகவரியும் /24 போன்ற முன்னொட்டு நீளமும் ஒரே செய்தியில் போகின்றன. நீளத்தை எழுத மறந்தால் அது /32 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது அந்த ஒரு முகவரி மட்டும். பழைய கைப்பழக்கத்தில் மாஸ்க்கை விட்டுவிட்டு, பக்கத்துக் கணினியைக்கூட எட்ட முடியவில்லையே என்று திகைப்பவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும்.

ஐபி அட்ரெஸ் காட்டும் திரை முதல் பார்வைக்கு நெருக்கமாக, கண்ணைக் குத்துவது போல இருக்கும். நிதானமாகப் படித்தால் அதில் நிறைய இருக்கிறது. முதல் வரியின் கோண அடைப்புக்குள் ‘அப்’, ‘லோயர்_அப்’ என்று இரண்டு தனிக் குறிகள் வரும். முதலாவது, நிர்வாகி அந்த இன்டர்ஃபேஸை இயக்கியிருக்கிறார் என்பது. இரண்டாவது, கேபிளில் உண்மையாகவே சமிக்ஞை வருகிறது என்பது. அப் இருந்து லோயர்_அப் இல்லாமல் ‘நோ-கேரியர்’ என்று தெரிந்தால், அமைப்புக் கோப்புகளைத் தோண்டுவதற்கு முன் கேபிளையும் ஸ்விட்ச்சையும் பார்க்க வேண்டும். முகவரிக்குக் கீழே ‘வேலிட்_எல்எஃப்டி’ என்று நொடிக்கணக்கு ஒன்று இருக்கும். டிஎச்சிபி வழியாக வாங்கிய முகவரி என்றால் குத்தகை முடிய இன்னும் எத்தனை நொடி என்பதை அது சொல்லும். கையால் நிலையாக வைத்த முகவரி என்றால் ‘ஃபார்எவர்’ என்றிருக்கும். இந்த முகவரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஒரு சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. இவ்வளவு விவரம் வேண்டாம் என்கிறவர்கள் இடையில் ‘-பிஆர்’ என்று சேர்த்தால் இன்டர்ஃபேஸுக்கு ஒரு வரி வீதம் சுருக்கமாக வரும். நாள்தோறும் பார்ப்பதற்கு அதுவே போதும்.

ரூட்டிங் விஷயத்தில் பழைய கட்டளை மறைப்பது இன்னும் அதிகம். லினக்ஸ் கர்னலில் ரூட்டிங் டேபிள்கள் பல. எந்தப் பாக்கெட் எந்த டேபிளைப் பார்க்க வேண்டும் என்று விதிகள் தீர்மானிக்கின்றன. ‘ஐபி ரூல்’ என்று அடித்தால், புதிதாக நிறுவிய கணினியில்கூட 0, 32766, 32767 என்ற வரிசை எண்களோடு மூன்று விதிகள் இருப்பதைக் காணலாம். ‘ரூட்’ கட்டளை காட்டுவது ‘மெயின்’ என்ற ஒரே டேபிளை. வயர்கார்ட் விபிஎன் வைத்திருப்பவர்கள் இதை நேரில் பார்க்கலாம். எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் வழியே அனுப்பும்படி அமைத்தால், அதன் ‘டபிள்யூஜி-குயிக்’ நிரல் இயல்பாக 51820 என்ற எண்ணுள்ள தனி டேபிளில் ரூட்டை எழுதி, அங்கே போகும்படி ஒரு விதியைச் சேர்க்கிறது. அந்த நேரத்தில் ரூட் கட்டளையைக் கேட்டால், பாக்கெட்டுகள் வழக்கம்போல வீட்டு ரவுட்டர் வழியே நேராகப் போவது போலவே படம் காட்டும். நிஜத்தில் உங்கள் இணையப் போக்குவரத்து விபிஎன் வழியேதான் போய்க்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் கைகொடுப்பது ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8’. இது டேபிளைப் படித்துக் காட்டுவதில்லை. இந்த முகவரிக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால் எந்த இன்டர்ஃபேஸ் வழியே, எந்த கேட்வே வழியே, எந்த மூல முகவரியோடு அனுப்புவாய் என்று கர்னலையே கேட்கிறது. விதிகள், டேபிள்கள் எல்லாவற்றையும் கடந்து வந்த இறுதி முடிவு ஒரே வரியில் கிடைக்கும். இரண்டு இணைய இணைப்பு வைத்திருக்கும் அலுவலகங்களில், எது எந்த வழியாகப் போகிறது என்ற வாக்குவாதத்தை இந்த ஒரு வரி முடித்துவைக்கும். புதியவற்றில் ஒரே ஒரு கட்டளையை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நெட்ஸ்டாட்டின் கதை வேறு மாதிரி. அது பொய்ப்படம் எதையும் காட்டுவதில்லை, வேகம்தான் குறை. லினக்ஸில் அது ‘ப்ராக்’ கோப்பகத்துக்குள் உள்ள டிசிபி பட்டியலை உரையாகப் படிக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்தால் 00000000:0016 என்பது போன்ற வரிகள் இருக்கும். பதினாறடிமான எண்ணில் 16 என்றால் 22. அதாவது எல்லா முகவரிகளிலும் எஸ்எஸ்எச் சேவை காத்திருக்கிறது என்று பொருள். இன்டெல் வகைக் கணினிகளில் முகவரியின் பைட்டுகள் பின்னிருந்து முன்னாக வேறு எழுதப்பட்டிருக்கும். கர்னல் தன்னிடம் எண்ணாக இருப்பதை உரையாக மாற்றி எழுத, நெட்ஸ்டாட் அந்த உரையை மறுபடி எண்ணாக்கிப் படிக்கிறது. நூறு இணைப்பு என்றால் இது ஒரு பொருட்டே அல்ல. லட்சம் இணைப்புள்ள சர்வரில், அதுவும் நெருக்கடி நேரத்தில், நெட்ஸ்டாட் அடித்துவிட்டுக் காத்திருப்பது பெரும் சோதனை. எஸ்எஸ் கட்டளை நெட்லிங்க் வழியே எண்களாகவே வாங்குகிறது. 443-ஆம் போர்ட்டுக்குப் போகும் இணைப்புகள் மட்டும் போதும் என்றால் அந்த வடிகட்டலைக் கர்னலிடமே ஒப்படைத்துவிடலாம். ‘-டிஐ’ என்று சேர்த்தால் ஒவ்வொரு இணைப்பின் சுற்றுப்பயண நேரம், நெரிசல் சாளரத்தின் அளவு, மறு அனுப்பல்கள் வரை தெரியும். இணையம் மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்குக் காரணம் தேடுபவருக்கு இது பெரிய சொத்து. நெட்ஸ்டாட்டில் பழகிய டி, எல், என், பி குறிகள் எஸ்எஸ்ஸிலும் அப்படியே செல்லும் என்பதால் இந்த மாற்றம் ஒரே நாளில் பழகிவிடும்.

இவ்வளவு இருந்தும் மாற்றம் இத்தனை மெதுவாக நடப்பதற்கு விரல்களின் பழக்கம் ஒரு காரணம். ஸ்கிரிப்டுகள் அதைவிடப் பெரிய காரணம். இருபது ஆண்டுகளாக எழுதிக் குவித்த எண்ணற்ற ஷெல் ஸ்கிரிப்டுகள் இஃப்கான்ஃபிக்கின் திரையில் ‘இனெட் அட்ர்:’ என்ற தொடரைத் தேடி, முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவதை முகவரியாக எடுத்துக்கொண்டன. நெட்-டூல்ஸின் 1.60 பதிப்பு 2001-இல் வந்தது. அதன் பிறகு நெடுங்காலம் அது ஏறக்குறைய உறைந்தே கிடந்ததால் யாருக்கும் தொந்தரவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் திரை வடிவம் மாறி, அந்த ‘அட்ர்:’ காணாமல் போயிற்று. ஸ்கிரிப்டுகள் சத்தமில்லாமல் வெற்று முகவரியைத் திருப்பித் தந்தன. மனிதர்கள் படிப்பதற்காக அச்சிட்ட திரையை நிரல்கள் படிக்கத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். ஐபி கட்டளையின் திரையும் நாளை மாறலாம். ஆனால் ‘-ஜே’ என்று சேர்த்தால் அது ஜேசன் வடிவில் விடை தருகிறது. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொன்றாகப் பழையதைக் கைவிட்டன. ஆர்ச் லினக்ஸ் 2011-இலேயே நெட்-டூல்ஸை விலக்கி வைத்தது. 2014-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இன் குறைந்தபட்ச நிறுவலில் அது கிடையாது. 2017-இல் டெபியன் 9, அடுத்த ஆண்டு உபுண்டு 18.04. அதற்குப் பின் புது சர்வரில் இஃப்கான்ஃபிக் அடித்தவர்களுக்குக் கட்டளை இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. நம் ஊர் மாணவர்கள் இதை நேராகச் சந்திக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 விதிமுறைப் பாடத்திட்டங்களில் கணினி வலையமைப்புச் செய்முறையின் முதல் பயிற்சியே டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், இஃப்கான்ஃபிக், என்எஸ்லுக்அப், டிரேஸ்ரூட் ஆகியவற்றைக் கற்பதுதான். அடிப்படைகளைச் சொல்லித்தர அவை இன்றும் உதவும். டிசிபிடம்ப் இன்றும் அசைக்க முடியாத கருவி. ஆனால் அந்தப் பயிற்சியிலேயே ஐபியையும் எஸ்எஸ்ஸையும் பக்கத்தில் வைத்து, ஒரே கேள்விக்கு இரண்டும் தரும் விடையை ஒப்பிடச் சொன்னால், கட்டளைகளோடு சேர்த்துக் கர்னலும் புரிந்துவிடும். அந்த மாணவர் வேலைக்குப் போகும் இடத்தில் பழைய கட்டளைகள் இல்லாத சர்வருக்குள் நுழைந்து பார்க்க நேரும்போது தடுமாற மாட்டார்.

இதையெல்லாம் வைத்து இஃப்கான்ஃபிக் செத்துவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி எல்லாவற்றிலும் அது உயிரோட்டமாக இருக்கிறது. பிஎஸ்டி குடும்பத்தில் கர்னலையும் கட்டளைகளையும் ஒரே குழு ஒரே மூலநிரல் மரத்தில் பராமரிப்பதால், கர்னல் வளர வளர இஃப்கான்ஃபிக்கும் கூடவே வளர்ந்தது; அங்கே அது வைஃபை, விலேன் எல்லாவற்றையும் கையாளும். லினக்ஸில் கர்னல் ஒரு கையிலும் நெட்-டூல்ஸ் வேறு கையிலும் இருந்தன. ஒன்று ஓடிப்போனது, மற்றது நின்றுவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் 2023-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 14.0 பற்றியது. லினக்ஸில் பிறந்த நெட்லிங்க்கை ஃப்ரீபிஎஸ்டி தன் கர்னலுக்குள் எடுத்துக்கொண்டது. அங்குள்ள இஃப்கான்ஃபிக்கும் அதன் வழியே பேசத் தொடங்கியிருக்கிறது. பெயர் 1983-இல் வைத்தது, பேச்சு புதியது.

மாறத் தொடங்குபவர்கள் ஒன்றிரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஐபி கட்டளையால் செய்யும் மாற்றங்கள் கணினியை மறுபடி தொடங்கினால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் நெட்பிளான், நெட்வொர்க்மேனேஜர் போன்றவற்றின் அமைப்பில் எழுத வேண்டும். ‘ஐபி அட்ரெஸ் ஃபிளஷ் டெவ் ஈத்0’ என்பது கேள்வி கேட்காமல் அந்த இன்டர்ஃபேஸின் எல்லா முகவரிகளையும் துடைத்துவிடும். தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்எச் வழியே உட்கார்ந்துகொண்டு அதை அடித்தால், உட்கார்ந்திருக்கும் இணைப்பே அறுந்துவிடும். கையால் அடிக்கும் கட்டளைகள் போகப் போகத் தானே மாறிவிடும். அவசரமாகக் கவனிக்க வேண்டியவை கிரான் பட்டியல்களிலும், கண்காணிப்பு நிரல்களிலும், பேக்கப் ஸ்கிரிப்டுகளிலும் ஒளிந்திருக்கும் இஃப்கான்ஃபிக், ரூட், நெட்ஸ்டாட் வரிகள். சர்வரை அடுத்த பதிப்புக்கு உயர்த்துவதற்கு முன்பே ‘ஈடிசி’ கோப்பகத்திலும் சொந்த ஸ்கிரிப்டுகள் இருக்கும் இடங்களிலும் ‘கிரெப்’ போட்டு அந்தப் பெயர்களைத் தேடி, கிடைப்பவற்றை இயன்றவரை ஜேசன் விடையைப் படிக்கும்படி மாற்றி எழுதிவிடுவது நல்லது.